இரண்டாவது வெடி

செப்டம்பர் கடைசியில் யாவோர்னிக் மலையில் ஆண் மான்கள் கத்தத் தொடங்கிவிட்டால் என் கணவர் லுத்விக்கை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. வாயில் ரொட்டியோடு ஜன்னலைத் திறந்துவிட்டு அப்படியே நிற்பார். "இவன் கிழவன்," என்பார். "இவன் போன வருஷம் ஓடைப் பக்கம் நின்னவன்." எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும், தொண்டை கட்டிய மாடு கத்துவதுபோல. அதை நான் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

அந்த வருஷம் அவருடைய காது நன்றாகத்தான் இருந்தது. கண்தான் சரியில்லை. தூண்டில் முள்ளின் துளையில் நரம்பைக் கோக்க முடியாமல் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார். "விளக்கு சரியில்ல, பாவ்லா," என்பார். பட்டப்பகலிலும் விளக்கு சரியில்லை. நான் கோத்துக் கொடுப்பேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரில் வேட்டைக்காரர்கள் சங்கத்தைக் குடும்பம் என்றே சொல்வோம். லுத்விக் அந்தக் குடும்பத்தின் ஒழுங்குக் குழுவுக்குத் தலைவர். துப்பாக்கி வைத்திருப்பவன் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தீர்ப்புச் சொல்கிறவர். அதில் ஒரு விதி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. சுட்டால் சொல்ல வேண்டும். பட்டதோ படவில்லையோ, சுட்ட இடத்தில் ஒரு கிளையை ஒடித்து அடையாளம் வைத்துவிட்டு, மோப்ப நாய்க்காரனைக் கூப்பிட வேண்டும். காயம்பட்ட விலங்கைக் காட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறவனை அவர்கள் மனிதனாகவே மதிப்பதில்லை. இந்த விதியை மீறியதற்காக லுத்விக் ஒருவனை வெளியே அனுப்பியிருக்கிறார். அவன் எங்கள் கல்யாணத்துக்கு அக்கார்டியன் வாசித்தவன். அதற்குப் பிறகு எங்கள் வாசல் வழியாக அவன் போனதில்லை.

அன்று சாயங்காலம் நான் தோட்டத்தில் முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். கீழ்ப் புல்வெளிப் பக்கம் ஒரு வெடி கேட்டது. அங்கே பரணில் நேஜா உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுப் பெண், மரம் அறுக்கும் ஆலையில் வேலை. குடும்பத்தில் சேர்ந்த முதல் பெண் அவள்தான். அவளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர்கள் ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். லுத்விக் சேர்க்கலாம் என்று சொன்னவர்.

நான் இன்னும் நாலைந்து கோஸ் வெட்டியிருப்பேன். இருட்டத் தொடங்கியிருந்தது. இரண்டாவது வெடி மேலேயிருந்து வந்தது. மேல் பரண் லுத்விக்குடையது. நான் உள்ளே போய் வெங்காயம் நறுக்கினேன். மான் விழுந்தால் அன்றைக்கே ஈரலை வறுத்துச் சாப்பிடுவது வழக்கம்.

அவர் வெறுங்கையோடு வந்தார்.

"சுட்டியா?" என்றேன்.

"இல்ல."

"மேலேருந்து கேட்டுச்சே."

"எதிரொலியா இருக்கும். கீழ நேஜா சுட்டிருக்கா."

துப்பாக்கியை எப்போதும் சமையலறை மேசையில் துணி விரித்துத்தான் துடைப்பார். அன்று கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போனார். வெங்காயத்தை நான் ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தேன். மறுநாள் அது சூப்புக்கு ஆயிற்று.

நேஜா விதிப்படி நடந்துகொண்டாள். சுட்ட உடனே மோப்ப நாய்க்காரன் பெர்னார்தைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள்: ஒரு சிறுமானைச் சுட்டேன், பட்டதுபோலத் தெரியவில்லை, வந்து பாருங்கள் என்று. காலையில் பெர்னார்த் தன் நாய் தோனாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் புல்வெளி முழுக்கத் தேடினான். ஒரு துளி ரத்தம் இல்லை. குண்டு ஓர் அடிமரத்தில் பதிந்திருந்தது. செத்த மானின் வாயில் கடைசிக் கவளமாக ஒரு பச்சைக் கிளையை வைப்பார்கள். பெர்னார்த் கடையில் எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டானாம், "ஏம்மா, மரத்தைச் சுட்டா கிளையை எங்க வைக்கறது?" என்று. அவளும் சிரித்திருக்கிறாள். கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

அக்டோபரில் லுத்விக் காட்டுக்கே போகவில்லை. மான்கள் கத்தி ஓய்ந்தன. மலை பழுப்பாகி, பிறகு சிவந்தது. அவர் தினமும் தூண்டிலை எடுத்துக்கொண்டு உனித்சா ஆற்றுக்குப் போனார். எங்கள் ஆற்றில் இலையுதிர் காலத்தில்தான் லிபான் மீன் நன்றாகக் கொழுத்திருக்கும். இறகாலும் நூலாலும் கட்டிய பொய் ஈயைத் தண்ணீர்மேல் விட்டு, அது மேலே வந்து கவ்வுவதற்காக மணிக்கணக்கில் நிற்க வேண்டும். பிடித்ததில் பாதியை அவர் திரும்ப விட்டுவிடுவார். வீட்டுக்குக் கொண்டுவருகிற மீனைக் கையில் எடுத்தால் காட்டுத் துளசிபோல ஒரு வாசனை அடிக்கும். மற்ற வருஷங்களில் அவர் அதை முதலில் என் மூக்குக்கு நேரே நீட்டுவார். அந்த வருஷம் தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

குடும்பத்தின் தலைவர் அல்பின் ஒருநாள் வேலியோரம் வண்டியை நிறுத்தினார்.

"என்ன லுத்விக், இந்த வருஷம் மானெல்லாம் நிம்மதியா இருக்கு? வயசு அதுங்களுக்கா, உனக்கா?"

"மீன் நல்லா எடுக்குது."

"மீன் எங்கடா போகப்போகுது? ஆத்துலயேதான் கிடக்கும். உன் பேர்ல ஒரு மான் பாக்கியிருக்கு, ஞாபகம் இருக்கா? வேற எவனாவது கொத்திட்டுப் போயிடுவான்."

"போகட்டும்."

அல்பின் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாவ்லா, இவனுக்கு என்ன சமைச்சுப் போடறே? சாமியாராட்டம் பேசறான்."

போகும்போது வேட்டைக்காரர்கள் வழக்கப்படி, "நல்ல பார்வை கிடைக்கட்டும்," என்று வாழ்த்திவிட்டுப் போனார். லுத்விக் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் மழை தாமதமாகத்தான் வந்தது. வழக்கமாக அதற்குள் வயல்வெளி முழுக்க வெள்ளம் ஏறி ஏரியாகியிருக்கும். தண்ணீர் வற்றி ஆற்றின் தரை தெரிந்த ஒரு மத்தியானம் அவர் சீக்கிரமே திரும்பி வந்தார். இடுப்பு வரை நனைந்திருந்தார். தூண்டிற்கோல் கையில் இல்லை. அது அவருடைய அப்பா கொடுத்த மூங்கில் கோல். அதை அவர் எங்கேயும் வைத்துவிட்டு வந்து நான் பார்த்ததில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"அது என்னோடது, பாவ்லா."

"எது?"

"மான். வளைவுல, அந்த வில்லோ மரத்துக்குக் கீழ கிடக்கு. தண்ணி தேடி வந்திருக்கு. வயித்துல அடிச்சிருக்கேன்."

நான் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு ரெண்டு மானாத் தெரிஞ்சுது," என்றார். "ஒண்ணுதான் நின்னுச்சுன்னு எனக்கே தெரியும். ஆனா ரெண்டாத் தெரிஞ்சுது. எதைச் சுடறதுன்னு தெரியல. சரின்னு நடுவுல சுட்டேன்."

"பெர்னார்தைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"வந்தா எங்க நின்னுச்சு, எப்படித் துள்ளுச்சு, எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு கேப்பான். நான் என்ன சொல்றது? எனக்குத் தெரியலன்னா? என்கிட்ட அப்படி வந்து நின்னவனுக்கு நான் என்ன பண்ணினேன்னு ஊருக்கே தெரியும்." சொட்டிக்கொண்டிருந்த கால்சட்டை நுனியைப் பிழிந்தார். "தவறிடுச்சுன்னு என்னையே நம்ப வெச்சுக்கிட்டேன். எத்தனை நாள் அந்த ஜீவன் குடலைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சுதோ."

"அல்பின்கிட்ட போய்ச் சொல்லு."

"நாளைக்குப் போறேன்."

மறுநாள் காலையில் அவர் கோட்டு போட்டுக்கொண்டு நின்றபோதே தொலைபேசி அடித்தது. அல்பின் பேசினால் அறை முழுக்கக் கேட்கும்.

"லுத்விக்! நம்ம பெரியவன் ஆத்துல அழுகிக் கிடக்கான். மீன் பிடிக்க வந்த ரெண்டு பேர் பாத்துச் சொன்னாங்க. அந்தப் பொண்ணு வேலைதான்யா இது. அன்னிக்கு ரெண்டு வெடி கேட்டுச்சுன்னு பெர்னார்த் சத்தியம் பண்றான். நானும் கேட்டேன். இவ ஒண்ணுதான் சுட்டேன்னு சாதிக்கறா. சின்னதுல தவறினதைச் சொல்லிட்டு, பெருசை அடிச்சதை மறைச்சிட்டா. நான் அப்பவே சொன்னேன், பொம்பளையைச் சேக்காதேன்னு. நீதான் கேக்கல. சரி விடு. குழுவைக் கூட்டு."

லுத்விக் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டும் கழற்றிக்கொண்டும் நின்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி," என்றார். தொலைபேசியை வைத்தார். கோட்டைக் கழற்றி மாட்டினார்.

மேல் பரணில் அன்று யார் இருந்தார் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். பரணுக்குப் போகும் முன் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஆனால் அவரை யாரும் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார் என்று இன்றும் நம்புகிறேன். லுத்விக்கிடம் போய் அப்படிக் கேட்பது என்பதே அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஊர் பேசத் தொடங்கியது. கடையில் அல்பினின் மனைவி ரெஜினா, "மரம் அறுக்கறவளுக்கு மானோட வலி எங்கேருந்து தெரியும்?" என்றாள். ஆலையில் யாரோ நேஜாவின் சைக்கிளில் அழுகிய இறைச்சித் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்களாம். பெர்னார்த் மட்டும் அதைக் கேட்டு, "அது நல்லா இல்ல," என்றான். ஆனால் இரண்டு வெடி கேட்டேன் என்பதில் அவன் உறுதியாக இருந்தான். உண்மையைத்தானே சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேஜா எங்கள் வீட்டுக்கே வந்தாள். ஒரு பை நிறைய வாட்டிய பேரிக்காய் கொண்டுவந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்களைத் தொந்தரவு பண்ண வரல," என்று லுத்விக்கைப் பார்த்துச் சொன்னாள். "குழுத் தலைவர்கிட்ட முன்னாடியே பேசக்கூடாதுன்னு தெரியும். ஆனா அன்னிக்கு நீங்க மேல இருந்தீங்க. அந்த ரெண்டாவது வெடி கீழேருந்து வரலன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். காட்டுக்குள்ள வெளியாள் எவனாவது திருட்டுத்தனமா நுழைஞ்சிருக்கலாம். எங்கேருந்து கேட்டுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீங்க சொன்னா நம்புவாங்க."

அவர் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"கூட்டத்துல பேசுவோம்," என்றார்.

"சரிங்க. நன்றி." உண்மையாகவே நன்றி சொன்னாள். வாசல் வரை போய்த் திரும்பி, "என்னைச் சேக்கும்போதும் நீங்கதான் எனக்காகப் பேசினீங்க. அதை நான் மறக்கல," என்றாள்.

அவள் போன பிறகு நான் அவரைத் திட்டினேன். எங்கள் நாற்பது வருஷத்தில் அப்படித் திட்டியதில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நீ சொல்றது சரி," என்றார். அன்று ராத்திரியும் எதுவும் நடக்கவில்லை, மறுநாளும் நடக்கவில்லை. பேரிக்காய் எங்களுக்கு இறங்கவில்லை. கோழிகளுக்குப் போட்டேன்.

நவம்பர் தொடக்கத்தில், வேட்டைக்காரர்களின் காவலரான புனித ஹூபெர்த் திருநாளன்று பூசை முடிந்ததும் எல்லோரும் வேட்டைக்காரர் விடுதியில் கூடினார்கள். நானும் ரெஜினாவும் அடுப்படியில் இருந்தோம். கூலாஷ் என்கிற மான் இறைச்சிக் குழம்பும் சோளக்களியும் தயாராகிக்கொண்டிருந்தன. பரிமாறும் ஜன்னல் வழியாகக் கூடம் முழுவதும் தெரியும், பேச்சும் கேட்கும். சாப்பாட்டுக்கு முன்னால் விசாரணையை முடித்துவிடலாம் என்றார் அல்பின்.

லுத்விக் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பச்சை உடுப்பு, பளபளக்கும் பொத்தான்கள், காலையில் நானே தேய்த்துக் கொடுத்தது. நேஜா மறுமுனையில் தனியாக நின்றாள். பெர்னார்த் எழுந்து இரண்டு வெடி என்றான். அல்பினும் இரண்டு என்றார். நேஜா ஒன்று என்றாள்.

"ஆலைக்காரி, பலகையை மட்டும் சரியா எண்ணுவா," என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒண்ணுதான் சுட்டேன்," என்றாள் மறுபடியும். லுத்விக்கைப் பார்த்தாள். அவர் பேசுவார் என்று காத்திருந்தாள்.

அல்பின் தொண்டையைச் செருமினார். "தப்பு நடக்கறது மனுஷனுக்குச் சகஜம். மறைச்சதுதான் குத்தம். மூணு வருஷத்துக்குத் துப்பாக்கி கூடாது. அப்புறம் குடும்பத்துல வெச்சுக்கறதா இல்லையான்னு பாப்போம். லுத்விக், கை தூக்கச் சொல்லு."

லுத்விக் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது, பெர்னார்த் அதைப் பிடித்தான்.

"ரெண்டாவது நான் சுட்டது," என்றார்.

ரெஜினா என் முழங்கையைப் பிடித்தாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கண், இரண்டாகத் தெரிந்த மான், எதிரொலி என்று என்னிடம் சொன்ன பொய், ஆற்றில் பார்த்தது, நேஜா வீட்டுக்கு வந்தது. எதையும் அழகுபடுத்தவில்லை. முடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தார், அடிக்காகக் காத்திருப்பவரைப்போல.

முதலில் பேசியவன் பெர்னார்த். "யோவ், என்னைக் கூப்பிட்டிருக்கலாமேய்யா. நான் யார்கிட்டயாவது சொல்லியிருப்பேனா?"

"கண்ணுல புரைடா அது," என்றார் அல்பின். அவர் முகம் தெளிந்துவிட்டது. "என் மாமனாருக்கும் இப்படித்தான். பசுவைப் பாத்து வணக்கம் சொல்லுவாரு. போஸ்தோய்னால ஒரு டாக்டர் இருக்கான், அரை மணி நேர வேலை. மறுநாளே பேப்பர் படிச்சாரு."

"என் அக்காவுக்கு ரெண்டு கண்ணும் பண்ணினாங்க," என்றார் இன்னொருவர்.

"இதைச் சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்," என்று ஒருவர் கை தட்டினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. இன்னொருவரும் தட்டினார். பிறகு மேசை முழுக்கத் தட்டினார்கள். யாரோ அவர் முன்னால் புளூபெர்ரிச் சாராயத்தை ஊற்றி வைத்தார்கள். வாரக்கணக்கில் மார்மேல் உட்கார்ந்திருந்த பாறை நகர்ந்ததுபோல, எனக்கும் அந்தக் கணத்தில் அப்பாடா என்றிருந்தது. பிறகு நேஜாவைப் பார்த்தேன்.

அவள் கை தட்டல் ஓயும்வரை காத்திருந்தாள்.

"அந்த மூணு வருஷம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"அது முடிஞ்சுதும்மா," என்றார் அல்பின். "உன்மேல ஒண்ணும் இல்ல. வா, உக்காரு."

"எனக்குத் தெரியும் என்மேல ஒண்ணும் இல்லன்னு. மறைச்சதுக்கு மூணு வருஷம்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"இது வேற. அவரே வந்து சொல்லிட்டாரே. வயசானவரு, கண்ணு தெரியல..."

"வேற இல்ல," என்றார் லுத்விக். "இதேதான். நான் தலைவரா இன்னும் இந்த நாற்காலியில இருக்கேன். கேக்கறேன். எனக்கு மூணு வருஷம், சம்மதிக்கறவங்க கை தூக்குங்க."

அவரே முதலில் தூக்கினார். நேஜா தூக்கினாள். பெர்னார்த் குனிந்து மேசைக்கடியில் படுத்திருந்த தோனாவின் காதைத் தடவிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள்.

"போதும்யா, நாடகம் போடாதே," என்றார் அல்பின். "வாயால ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். பாவ்லா! ரெஜினா! கொண்டாங்க, ஆறிடப்போகுது."

"பாவம், உன் வீட்டுக்காரர்," என்றாள் ரெஜினா தட்டில் களியை வைத்துக்கொண்டே. "எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாரு, வெளிய சொல்ல முடியாம." நேஜாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு நானும் பரிமாறினேன்.

நேஜா சாப்பிடவில்லை. வாசலில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது லுத்விக் அவளிடம் போனார். மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது.

"நான் உங்க வீட்டுக்கு வந்தேன்," என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "உங்க மேசைக்கு முன்னாடி நின்னு கேட்டேன்."

"ஆமா," என்றார் அவர்.

அவள் போய்விட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் கண் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டைப் பிரித்ததும் முதலில் என் முகத்தைப் பார்த்து, "இவ்வளவு சுருக்கமா?" என்றார். தூண்டில் முள்ளில் நரம்பை அவரே கோத்தார். துப்பாக்கியை மட்டும் அலமாரியில் பூட்டிச் சாவியைப் பெர்னார்திடம் கொடுத்துவிட்டார். அடுத்த செப்டம்பரில் அல்பின் வந்து, "கண்ணுதான் கழுகுக் கண்ணாயிடுச்சே, கிளம்பு," என்றபோது, "மூணு வருஷம் ஆகல," என்றார். அல்பின் தொடையில் தட்டிச் சிரித்தார். அதற்கடுத்த செப்டம்பரிலும் அதே பதில், அதே சிரிப்பு. குடும்பத்தில் அது ஒரு பழைய வேடிக்கையாகவே ஆகிவிட்டது. அந்தத் தண்டனையை அவர் தனியாகத்தான் அனுபவித்தார். யாரும் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளவில்லை. வழியில் நேஜாவைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவார். அவள் தலையசைப்பாள். அவ்வளவுதான்.

மூன்றாவது இலையுதிர் காலத்தை அவர் பார்க்கவில்லை. ஆகஸ்டில், ஆற்றங்கரையிலேயே, நெஞ்சு நின்றுவிட்டது.

அடக்கத்துக்குக் குடும்பம் முழுவதும் பச்சை உடுப்பில் வந்தது. கொம்பு ஊதினார்கள். அல்பின் பேசினார், நன்றாகவே பேசினார். தன் தவறைத் தானே எழுந்து சொன்ன மனிதர், யாரும் குற்றம் சாட்டாதபோதே தன்னைக் குற்றம் சாட்டிக்கொண்டவர், வேட்டைக்காரனின் நாணயம் என்றால் என்ன என்று நமக்குக் காட்டியவர் என்றார். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். என்னையும் பார்த்தார்கள், நான் அழுகிறேனா என்று. பின்வரிசையில் பாதிரியாரின் குடைக்குப் பக்கத்தில் நேஜா நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கம் யாரும் திரும்பவில்லை. நான் குழியின் ஓரத்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகம் எரிந்தது.

எல்லாம் முடிந்து விடுதிக்கு நடக்கும்போது அல்பின் என் பக்கத்தில் வந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"நல்லாப் பேசினேனா, பாவ்லா?"

"நேஜா பேரையே நீ சொல்லல," என்றேன்.

"இந்த நேரத்துல அதெல்லாம் எதுக்கு?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என் தோளில் கையைப் போட்டு, பள்ளத்தில் கால் வைக்காமல் என்னை ஒதுக்கி நடத்திக் கூட்டிப்போனார். உள்ளே சூப் தயாராக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். நேஜா தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். எல்லோரும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள், நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.